தாத்தா காருக்குப் புது ரேடியேட்டர்

ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல நீங்க எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி, ஒரு கேள்வி. செம்போட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400. அலுமினியத்தோடது சுமார் 235. அப்படின்னா இன்னைக்கு ரோட்டுல ஓடுற புதுக் கார்கள்ல ஏன் அலுமினிய ரேடியேட்டர் வைக்கிறாங்க? 'எடை குறைவு, விலை குறைவு' என்று எழுதினால் பாதி மார்க்தான். மீதிப் பாதிக்கான பதில் எனக்கு கிளாஸ்ல விளங்கல. போன மே மாசம், சேலத்துல எங்க வீட்டு வாசல்ல, ஒரு அம்பாசிடருக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தப்போதான் விளங்குச்சு.

அம்பாசிடரை கல்யாண ஃபோட்டோஷூட்ல மட்டும் பார்த்திருக்கிற ஜூனியர்ஸுக்காக ரெண்டு வரி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையா வச்சு, மேற்கு வங்காளத்துல உத்தரபாராங்கிற ஊர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிச்ச கார். 1950களின் கடைசியில் ஆரம்பிச்சு 2014 வரைக்கும் வந்தது. எங்களோடது 1978 மாடல், மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். தாத்தா வாங்கினது. தாத்தா இப்போ இல்லை. கார் இருக்கு, அதுல ஏறுறதுக்கு அப்பாயி இருக்காங்க.

அப்பாயிக்கு 78 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. சித்தப்பாவோட புதுக் கார்ல ஏறணும்னா குனிஞ்சு, தலையை உள்ள விட்டு, காலை மடக்கி, அப்புறம் உடம்பைத் திருப்பணும். அது அவங்களால முடியாது. அம்பாசிடர் அப்படி இல்ல. பெரிய கதவு, திண்ணை மாதிரி உயரமான சீட். கதவைத் திறந்து உட்கார்ந்து காலைத் தூக்கி வச்சா போதும். அவங்களோட தங்கச்சி, எங்க சின்ன அப்பாயி, ஏற்காட்டுல இருக்காங்க. வருஷத்துக்கு மூணு தடவையாவது மேல போய் ரெண்டு நாள் தங்கிட்டு வருவாங்க.

ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 12-வது வளைவு தாண்டினா கார் கொதிக்கும். ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, சீட்டுக்கு அடியில இருக்கிற அஞ்சு லிட்டர் கேன்ல இருந்து தண்ணி ஊத்தி, திரும்பக் கிளம்புவோம். போன தீபாவளிக்கு 8-வது வளைவுலயே நின்னுடுச்சு. அப்பாயி கைப்பிடிச் சுவர் மேல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. நல்ல காத்து, லேசான தூறல் வேற. அதுக்கு அப்புறம் ஏற்காடு போகணும்னு அவங்க கேட்கவே இல்லை. பொங்கலுக்குக் கேட்கல, பங்குனிக்கும் கேட்கல. நாங்க கூப்பிட்டாலும் "எதுக்கு சாமி, போன்லதான் பேசறோமே"ன்னு சொல்லிட்டாங்க.

அப்பாவுக்கு வேற கணக்கு. 15 வருஷம் தாண்டின கார்னா அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். எங்களோடது அந்த ஜூன்ல முடியுது. ஈரோட்டுல இருந்து ஒருத்தர் எடைக்குக் கேட்டிருந்தார். அப்பா என்கிட்ட ரெண்டே கண்டிஷன் சொன்னார். ஜூனுக்குள்ள நிக்காம ஏற்காடு ஏறினா வண்டியை வச்சுக்கலாம். ஆனா அதுக்காக தாத்தா வண்டியில புதுசா ஒரு ஓட்டை கூடப் போடக்கூடாது.

முதல்ல ரேடியேட்டர்தான் காரணமான்னு தெரியணும். இதுக்கு லேப் எல்லாம் வேண்டாம். எஞ்சின் நல்லா சூடானதும் ஆஃப் பண்ணிட்டு, கோர் மேல ஜாக்கிரதையா அங்கங்க வெப்பம் பாருங்க. தண்ணி ஓடுற குழாய் சூடா இருக்கும், அடைச்ச குழாய் வெதுவெதுப்பா இருக்கும். நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன். அதுல ஒரு விஷயம்: பளபளப்பான உலோகத்துக்கு எமிசிவிட்டி கம்மி, ரீடிங் தப்பாக் காட்டும். பார்க்கப் போற இடத்துல எல்லாம் துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டு அது மேல காட்டணும். எங்களோடதுல இடது பக்கம் கால்வாசி கோர் கிட்டத்தட்ட செத்துப் போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ரேடியேட்டர் கடை. அந்த அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும், தாத்தா காலத்துல இருந்தே பழக்கம். பர்னர் காட்டி ஈயத்தை உருக்கி மேல் டேங்கைக் கழட்டினார். உள்ள பார்த்தா வெந்நீர் அண்டா அடியில படியுற உப்பு மாதிரி வெள்ளையா கெட்டி தட்டிக் கிடக்கு. சேலத்து போர் தண்ணியை 45 வருஷமா ஊத்தியிருக்கோம், வேற என்ன வரும்? இதே ரேடியேட்டரை அவரே மூணு தடவை கழட்டி, குழாய்ல கம்பி விட்டுக் குத்தி, அடைப்பெடுத்து, திரும்ப ஈயம் வச்சுக் கொடுத்திருக்கார். "இனி குத்தினா குழாயே பிய்யும் பாப்பா"ன்னார்.

வழி ரெண்டு. பழைய பித்தளை டேங்க்கை வச்சுக்கிட்டு நடுவுல புதுசா செம்பு கோர் போடுறது ஒண்ணு. பார்க்க அச்சு அசல் பழசு மாதிரியே இருக்கும். அதுக்கு 11,000 ரூபாய் கேட்டார், கோர் வர ஒரு மாசம். இன்னொண்ணு, ஏதாவது புதுக் காரோட அலுமினிய ரேடியேட்டரை உள்ள பொருத்துறது. நாலாயிரத்துக்குள்ள முடியும். காசும் நாளும் ரெண்டுமே எங்களுக்கு இல்லை, அதனால அலுமினியம். உங்ககிட்ட ரெண்டும் இருந்தா செம்பு கோரையே போடுங்க, யோசிக்காதீங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். தண்ணியில இருக்கிற சூடு வெளிய போகணும்னா மூணு தடையைத் தாண்டணும்: தண்ணியில இருந்து குழாய்ச் சுவருக்கு, சுவரோட இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கத்துக்கு, அப்புறம் ஃபின்ல இருந்து காத்துக்கு. சுவர் ஒரு மில்லிமீட்டர் கூட கிடையாது. மூணு தடையையும் போட்டுக் கூட்டிப் பார்த்தா சுவரோட பங்கு ஆயிரத்துல ஒண்ணு அளவுக்குத்தான் வருது. பெரிய தடை காத்துதான். அதனால 400-ஆ 235-ஆன்னு சண்டை போடுறதுல அர்த்தமே இல்லை. காத்து படுற பரப்பு எவ்வளவு, அந்தக் காத்து எவ்வளவு வேகமா போகுது, ரெண்டே கேள்விதான். அலுமினியத்துல குழாயை அகலமா, தட்டையா பண்ணி, ஃபின்னை அதோடயே பிரேஸிங் பண்ணிடறாங்க. பழைய முறையில செம்புக்கும் ஃபின்னுக்கும் நடுவுல ஈயம் இருக்கும், அது வெப்பத்தைக் கடத்துறதுல சுமார்தான்.

எவ்வளவு சூட்டைத் தள்ளணும்னு ஒரு கணக்கும் போட்டேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆளுங்களோட சேர்த்து வண்டி 1,500 கிலோன்னு வைங்க. முக்கால் மணி நேரத்துல ஏறணும்னா, வெறும் உயரத்துக்கே சராசரியா ஆறரை கிலோவாட். பெட்ரோல் சக்தியில மூணுல ஒரு பங்குதான் வேலையா மாறும், ஒரு பங்கு சைலன்சர் வழியா போயிடும், மிச்சம் ஒரு பங்கு ரேடியேட்டர் தலையில விழும். உருளல் உராய்வு, காத்துத் தடை, வளைவுல மிதிக்கிற மிதி எல்லாம் சேர்த்தா பத்துப் பன்னிரண்டு கிலோவாட்டை ரேடியேட்டர் வெளிய தள்ளணும். வீட்டு இன்டக்ஷன் அடுப்பு ரெண்டு கிலோவாட். அஞ்சாறு அடுப்பை ஃபுல்ல வச்சு கார் மூக்குல கட்டின மாதிரி. அதுவும் வண்டி 20, 25 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ, எதிர்காத்தே இல்லாம.

இன்னைக்கு வர்ற ஒரு 1.2 லிட்டர் காரோட எஞ்சின் பவர் இந்த 1978 எஞ்சினைவிட அதிகம். அதனால அதோட ரேடியேட்டருக்கு இந்தச் சூடு பெரிய விஷயமில்லை. பிரச்சினை அளவுதான். அட்டைப் பெட்டியை ரேடியேட்டர் இடத்தோட அளவுக்கு வெட்டி, அதை எடுத்துக்கிட்டு ஸ்பேர்ஸ் கடைகளுக்குப் போனேன்.

"எந்த வண்டிக்கும்மா?"

"அம்பாசிடர்."

"அது வர்றதில்லையே."

"வேற வண்டியோடது போதும்ணா, இந்த அட்டைக்குள்ள அடங்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், "அப்பா வரலையா?"ன்னார். மெக்கானிக்கல்ல படிக்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான். நாலாவது கடைக்காரர் மட்டும் எதுவும் கேட்காம ஏணி போட்டு ஏறி ஏழு பெட்டியை இறக்கினார். அஞ்சாவது பெட்டியில இருந்தது அட்டைக்குள்ள அடங்குச்சு. 3,800 ரூபாய். அலுமினியக் கோர், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க்.

இங்க இருந்துதான் நிஜமான வேலை. புது ரேடியேட்டர் தனியா வராதுங்க. அது பிறந்த காலத்துப் பொருள் அத்தனையையும் கூடவே கேட்கும்: எலக்ட்ரிக் ஃபேன், அதிக அழுத்த மூடி, எக்ஸ்பான்ஷன் டேங்க், கூலன்ட். பழைய கார் ஒவ்வொண்ணுக்கும் 'என்கிட்ட இல்லை'ன்னு பதில் சொல்லும். நடுவுல உட்கார்ந்து பஞ்சாயத்து பண்றதுதான் நம்ம வேலை.

எலக்ட்ரிக் ஃபேனை முதல்ல பேசுவோம், ஏன்னா எல்லாரும் அதைத்தான் மாட்டச் சொன்னாங்க. எங்க கார்ல ஆல்டர்னேட்டர் கிடையாது, பழைய டைனமோ. எஞ்சின் ஐடிலிங்ல இருக்கிறப்போ டைனமோ உருப்படியா எதுவும் தராது. ஃபேன் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். அதாவது டிராஃபிக்ல நிக்கிறப்போ, ஃபேன் ரொம்பத் தேவைப்படுற நேரத்துல, பேட்டரியைத்தான் அது குடிக்கும். ராத்திரி ஹெட்லைட் போட்டுட்டு மலை இறங்குறதை நினைச்சுப் பாருங்க. அதனால வாட்டர் பம்ப்ல மாட்டியிருக்கிற, பெல்ட்ல ஓடுற பழைய இரும்பு ஃபேனையே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

ஆனா புது கோர் பழசைவிட ஒல்லி. அதனால கோருக்கும் ஃபேனுக்கும் இடைவெளி கூடிப்போச்சு. அந்த இடைவெளியில ஃபேன் கோர் வழியா காத்தை இழுக்காம, பக்கவாட்டுல இருக்கிற சூடான காத்தையே சுத்திச் சுத்தி இழுக்கும். அதுக்கு ஒரு கூடு வேணும், ஷ்ரவுட். அட்டையில மாதிரி வெட்டிக் கொடுத்தேன், டிங்கர் மாமா தகரத்துல அடிச்சுக் கொடுத்தார். ஃபேன் இறக்கை பாதி கூட்டுக்குள்ள, பாதி வெளிய. சுத்தி ஒரு இஞ்ச் இடைவெளி. இன்னும் நெருக்கமா இருந்தா நல்லதுதான், ஆனா எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு, ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு பக்கமா சாயும். இறக்கை தகரத்துல இடிச்சா அன்னைக்கே கோர் காலி. என்னைக் கேட்டா, இந்த வேலையிலேயே அதிக பலன் தந்தது 600 ரூபாய் தகரக் கூடுதான்.

ஓட்டை போடாம எப்படி மாட்டுறது? பழைய ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் போல்ட்ல நின்னது. அந்த ஓட்டைகளுக்கு மட்டும் பொருந்துற மாதிரி எல் ஆங்கிள்ல ஒரு சட்டம் வெல்டிங் பண்ணி, அதுக்குள்ள புது ரேடியேட்டரை ரப்பர் புஷ் மேல உட்கார வச்சோம். ரப்பர் அதிர்வுக்கு மட்டும் இல்லை. அலுமினியமும் இரும்பும் நேரா ஒட்டி, நடுவுல ஈரமும் இருந்தா, அலுமினியம்தான் அரிச்சுப் போகும். கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்த கால்வனிக் செல்தான், இங்க செல்லோட ஒரு தகடு நம்ம 3,800 ரூபாய்.

அடுத்தது உயரம். பழைய ரேடியேட்டர் நெட்டையா நிக்கும், மூடி எஞ்சினைவிட மேல இருக்கும். புதுசு குட்டை. ஹெட்ல இருக்கிற தெர்மோஸ்டாட் வாய்தான் இப்போ எல்லாத்துக்கும் உச்சி. தண்ணி நிரப்பினா காத்து போய் அந்த உச்சியில மாட்டிக்கும். ஹெட்ல காத்து இருந்தா அங்க தண்ணி இல்லைன்னு அர்த்தம், மீட்டர் ஒழுங்கா காட்டும், கேஸ்கட் போயிடும். அதனால லேத்ல பித்தளையில ஒரு சின்ன கழுத்து கடைஞ்சு, மேல் ஹோஸோட உச்சியில சொருகி, மூடியை அங்க கொண்டுபோய் வச்சோம். நிரப்புறப்போ காரை வீட்டு வாசல் சரிவுல மூக்கு மேல பார்க்கிற மாதிரி நிறுத்தி, ஹோஸைக் கையால அமுக்கி அமுக்கி, குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்தணும். இருபது நிமிஷம் ஆகும்.

மூடி சின்னப் பொருள்தான், ஆனா ஏற்காட்டுக் கதையில பாதி வில்லன் அதுதான். தண்ணி கீழ 100 டிகிரியில கொதிக்கும். ஏற்காடு உயரம் சுமார் 1,500 மீட்டர், அங்க 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வச்சாதான் கொதிநிலை ஏறும். எங்க பழைய மூடியோட ரப்பர் கல்லு மாதிரி காஞ்சு கிடந்தது. அழுத்தமே நிக்கல. அதாவது மேல ஏற ஏற எங்க காருக்குக் கொதிக்கிற எல்லை கீழ இறங்கி வந்துக்கிட்டே இருந்திருக்கு. இப்போ 7 பி.எஸ்.ஐ. மூடி போட்டிருக்கோம், ஏற்காட்டுல கூட 107 டிகிரி வரைக்கும் தாங்கும். புது ரேடியேட்டர் இதைப்போல ரெண்டு மடங்கு தாங்கும்தான். ஆனா வாட்டர் பம்ப் சீலும் எஞ்சின் பிளாக்கும் புதுசு இல்லையே.

பிளாக்கைக் கழுவினப்போ செங்கல் கரைச்ச மாதிரி தண்ணி வந்தது. மூணு நாள், தெளிவா வர்ற வரைக்கும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. வெறும் தண்ணியைவிட இந்தக் கலவை கொஞ்சம் குறைவாத்தான் சூட்டைச் சுமக்கும். ஆனா அலுமினியத்தை அரிப்புல இருந்து காப்பாத்துற ரசாயனம் அதுலதான் இருக்கு. போர் தண்ணி ஊத்தினா இந்த ரேடியேட்டர் 45 வருஷம் எல்லாம் தாங்காது.

தெர்மோஸ்டாட் வைக்கிற இடத்தைத் திறந்து பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்லை. எந்தக் காலத்துலயோ யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. நம்ம ஊர்ல இது சகஜம். நான் 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கிட்டு வந்ததும் ரேடியேட்டர் அண்ணன் ஒரு விளக்கம் சொன்னார்: "அது இருந்தாத்தான் பாப்பா நல்லது. இல்லைன்னா தண்ணி வேகமா ஓடிடும், சூட்டை எடுக்க நேரம் இருக்காது." இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. மூடின சுத்துல இது நிக்காது. ரேடியேட்டர்ல நேரம் குறைஞ்சா எஞ்சின்லயும் அதே அளவுக்குக் குறையும், ஓட்டம் கூடினா வெப்பப் பரிமாற்றமும் கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் வேணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் வேற: அது இல்லைன்னா எஞ்சின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும், பெட்ரோல் வீணாகும், தேய்மானம் கூடும். காரணத்துல நாங்க ஒத்துப்போகல. மாட்டணும்கிறதுல ஒத்துப்போனோம். டீ வந்துச்சு.

ஜூன் முதல் ஞாயிறு. அப்பா ஓட்டினார், நான் முன்னாடி, அப்பாயி பின் சீட்டுல. வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. சும்மா அடிவாரம் வரைக்கும்னு சொல்லித்தான் அப்பா ஏத்தினார். கேன் ரெண்டையும் அவங்களே எடுத்து வைக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு அஞ்சு வளைவுக்கும் நிறுத்தி, தெர்மோஸ்டாட் வாய்ல ஒட்டின கறுப்பு டேப் மேல ரீடிங் எடுத்தேன். 5-ல 86. 10-ல 91. 8-வது வளைவைத் தாண்டுறப்போ யாரும் எதுவும் பேசல, அப்பாயி மட்டும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாங்க. 15-ல 94. அதுக்கு மேல ஏறவே இல்லை. 20-வது வளைவுல 93. சின்ன அப்பாயி வீட்டு வாசல்ல கார் நின்னதும் அப்பா பானெட்டைத் திறக்கப் போனார், பழக்கதோஷம். அப்பாயி இறங்கி, "எங்கயும் நிக்கலையே, தண்ணி ஊத்தலையா?"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அங்கயே தங்கிட்டாங்க. நாங்க மறுபடி புதன்கிழமை போய்க் கூட்டிட்டு வந்தோம்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இறங்குறப்போ அடிவாரத்துல ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக். அரைமணி நேரம் நகரல. ஐடிலிங்ல இரும்பு ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், 100 வரைக்கும் போச்சு. அப்பா நியூட்ரல்ல போட்டு லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கிட்டே இருந்தார், தாத்தா பண்ற மாதிரி. ஃபேன் வேகம் கூடி அஞ்சு நிமிஷத்துல 95-க்கு இறங்குச்சு.

செம்பு கோரே போடுங்கன்னு ஏன் சொன்னேன்னா, இந்தப் புது ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோட மடிச்சுப் பிடிச்சிருக்கு. ஒழுகினா ஈயம் வச்சு அடைக்க முடியாது, தூக்கிப் போட்டு வேற வாங்கணும். பொருத்தி முடிச்சதும் ரேடியேட்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், கூட்டுக்குள்ள விரலை விட்டு இடைவெளி பார்த்தார், நல்லா இருக்குன்னார். அப்புறம் டேங்க்கை நகத்தால சுண்டி, "இதுல எனக்கு வேலை இல்லை"ன்னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். ஒரு காலத்துல ஏழு பேர் வேலை பார்த்த கடை, இப்போ லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர் மட்டும் வருது, அவரும் ஒரு பையனும்தான். பழைய ரேடியேட்டரைச் செம்பு விலைக்கு எடுத்துக்கறேன்னு கேட்டார், அதுவே நல்ல தொகை. அப்பா கொடுக்கல. சாக்குல சுத்தி மாடிப்படிக்குக் கீழ வச்சிருக்கார். புது கோர் போட்டுத் தரச் சொல்லி அவர்கிட்ட ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கோம், மிச்சம் என் முதல் மாச சம்பளத்துல. எந்த ஓட்டையும் போடாததால நாலு போல்ட்டைக் கழட்டினா பழசு அப்படியே உட்காரும்.

ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. அப்பாயி தீபாவளிக்கு மேல போகணும்னு இப்பவே தேதி கேட்குறாங்க. நடுவுல அடிவாரத்து டிராஃபிக்குக்கு ஒரு வழி பண்ணணும், அதுக்கு டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கணும். உங்க வீட்டுல யாராவது பழைய பெட்ரோல் அம்பாசிடர்ல இதைப் பண்ணியிருந்தா, மெக்கானிக்கல் பிளாக் ரெண்டாவது மாடி, சி செக்‌ஷன்ல வந்து என்னைப் பாருங்க. பிராக்கெட்டை எந்த போல்ட்டுல பிடிச்சாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஓட்டை போடாம.